கனிம ஏலம் ரத்தானது சரி, ஊர் வேண்டாம் என்று சொல்வதற்குச் சட்டத்தில் இடம் எங்கே இருக்கிறது?

மந்தைத்திடல் கேட்டது:

வணக்கம். மேலூர் வட்டத்தில், அரிட்டாபட்டிக்குப் பக்கத்து ஊர் எனக்கு. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே சின்னதாக ஒரு இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். பட்டா, சிட்டா, வருமானச் சான்று, முதியோர் உதவித்தொகை மனு, இதெல்லாம்தான் என் வேலை. ஊரில் யாருக்கு எந்தத் தாள் வேண்டுமென்றாலும் முதலில் என் கடைக்குத்தான் வருவார்கள். அதனால் இந்தக் கேள்வியும் என்னிடம் வந்து நிற்கிறது. பதில் தெரியாமல் இங்கே கேட்கிறேன்.

2024 நவம்பர் 7-ஆம் தேதி நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியின் ஏல முடிவை அறிவித்தார்கள். எங்கள் தெருவுக்குச் செய்தி வந்து சேர நாலைந்து நாள் ஆனது. ஒரு தம்பி செல்போனில் வந்த பட்டியலை அனுப்பி, "அக்கா, இத ஒரு பிரிண்ட் போடுங்க" என்றான். பரப்பு 2015.51 ஹெக்டேர் என்று இருந்தது. கடையில் நின்ற யாருக்கும் ஹெக்டேர் கணக்கு பிடிபடவில்லை. நான் கால்குலேட்டரில் தட்டி, ஏறக்குறைய ஐயாயிரம் ஏக்கர் என்று சொன்னேன். வரிசையில் நின்ற ஒரு பெரியவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த வாரம் எத்தனை நகல் எடுத்தேன் என்று கணக்கு வைக்கவில்லை. யாரிடமும் காசு வாங்கவும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது பலருக்கும் தெரியும். கிராம சபைகளில் ஊர் ஊராகத் தீர்மானம் போட்டோம். டிசம்பர் 9-ஆம் தேதி சட்டமன்றத்திலும் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையம் வரை சனம் திரண்டு போனது. கடையைப் பூட்டிவிட்டு நானும் போனேன். ஒத்தக்கடை தாண்டும்போது முன்பின் தெரியாத ஒரு அம்மா என் கையில் ஒரு செம்பு மோரைக் கொடுத்துவிட்டு, "விட்றாதீங்கடி" என்றார். ஜனவரி 23-ஆம் தேதி மத்திய சுரங்க அமைச்சகம் ஏலத்தை ரத்து செய்தது. மந்தையில் வெடி வெடித்தார்கள். நான் அழுதேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர் பொறுப்பில் நிர்வாகம் போய்விட்டது. அதனால் கடைசியாக நடந்த கிராம சபையில் மேடையில் இருந்தது செயலரும் ஒன்றிய அலுவலக ஆட்களும்தான். அந்தக் கூட்டத்தில் எங்கள் தெரு அப்பத்தா ஒருவர் எழுந்து கேட்டார்:

"ரத்துன்னு சொன்னீக, சந்தோசம். அந்தத் தாளு எங்க இருக்கு? நாளைக்கு வேற பேர்ல வந்தா, வேணாம்னு யார்ட்ட போயிச் சொல்லணும்?"

செயலர், மறுபடி ஒரு தீர்மானம் போடலாம் அம்மா என்றார். "தீர்மானம் போட்டா நின்னுருமா?" என்று அப்பத்தா கேட்டதற்கு யாரும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், கம்ப்யூட்டர் வைத்திருக்கிறேன் என்பதற்காக.

அப்புறம் தேடிப் பார்த்ததில் இன்னொன்று தெரிய வந்தது. 2025 செப்டம்பர் 8-ஆம் தேதி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை போட்டிருக்கிறது. முக்கியக் கனிமங்களுக்கான சுரங்கத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புத் தேவையில்லை என்று. டங்ஸ்டனும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அப்படியானால் அப்பத்தாவுக்கு நான் என்ன பதில் சொல்வது? இன்னொரு பக்கம், ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்க்கும் என் சொந்தத் தம்பி, "நாட்டுக்கு வேணும்னா எங்கயாவது தோண்டத்தானே வேணும்" என்கிறான். அவனுக்கும் எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

உசிலம்பட்டி பழைய ஆர்.ஐ. எழுதியது:

தங்கச்சி, வருவாய்த் துறையில் 31 வருடம் இருந்து வருவாய் ஆய்வாளராக ஓய்வு பெற்றவன் நான். அப்பத்தா கேட்டது மிகச் சரியான கேள்வி. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

தமிழ்நாட்டில் கிராம சபைத் தீர்மானம் ஒரு கனிம ஏலத்தைச் சட்டப்படி நிறுத்தாது. ஒடிசாவில் நியமகிரி மலையில் பாக்சைட் எடுக்க வந்தபோது 12 கிராம சபைகள் வேண்டாம் என்று சொல்லித் திட்டம் நின்றது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே அந்த முடிவைக் கிராம சபைகளிடம் விட்டது. அங்கே டோங்ரியா கோந்து பழங்குடி மக்களின் கையில் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இருந்தது. பழங்குடி மக்களுக்கென்று ஒதுக்கிய, அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளுக்குத் தனிச் சட்டமே உண்டு. பத்து மாநிலங்களில் அப்படிப்பட்ட பகுதிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் ஒரு ஊர்கூட இல்லை. நம் கிராம சபை எழுதுவது ஊரின் மனம். நீதிமன்றத்தில் அதைச் சாட்சியமாகக் காட்டலாம், பூட்டாகப் போட முடியாது.

அடுத்தது சுரங்கச் சட்டம். 1957-இல் வந்தது. 2023-இல் திருத்தம் செய்து, முதல் அட்டவணையில் ‘டி’ பகுதி என்று ஒன்றைச் சேர்த்து 24 கனிமங்களை அதில் வைத்தார்கள். லித்தியம், கோபால்ட், கிராஃபைட், டங்ஸ்டன் எல்லாம் அதில் வரும். அந்தக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் மத்திய அரசுக்கு மட்டும்தான். எடுக்கிற கனிமத்துக்குக் கட்டும் ராயல்டியும் ஏலத் தொகையும் மாநிலக் கணக்குக்குப் போகும். அதிகாரம் ஓரிடம், வருமானம் ஓரிடம். நாயக்கர்பட்டி விஷயத்தில் இரண்டு அரசுகளும் ஒருவரை ஒருவர் கைகாட்டியது உங்களுக்கே தெரியும். 2023 அக்டோபரிலேயே எதிர்ப்புச் சொன்னோம் என்றது மாநிலம். ஏலம் நடந்து முடியும்வரை வாய் திறக்கவில்லை என்றது மத்திய அரசு. அந்த வழக்கை நாம் தீர்க்க வேண்டியதில்லை. நான் கவனிப்பது வேறு. அத்தனை கடிதப் போக்குவரத்திலும் உங்கள் ஊருக்கு ஒரு நகல்கூட வரவில்லை.

வரிசையைப் பாருங்கள். அந்தத் தொகுதி கூட்டு உரிமத்துக்கு, அதாவது தேடவும் தோண்டவும் சேர்த்துக் கொடுக்கும் உரிமத்துக்கு, ஏலம் போனது. முதலில் ஏலம். பிறகு துளை போட்டுத் தேடுவது. கனிமம் தேறினால் சுரங்கத் திட்டம், அதற்குப் பிறகு சுற்றுச்சூழல் அனுமதி. அந்தக் கடைசிப் படியில்தான் மக்களைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். எல்லாரும் பேசி முடித்துத் தேதி குறித்த பிறகு பெண்ணிடம் சம்மதம் கேட்பது மாதிரி. செப்டம்பர் 8 குறிப்பாணை அந்தக் கடைசிப் படியையும் எடுத்துவிட்டது. தமிழ்நாடு முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறச் சொல்லிப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

இதன் கனம் புரிய, கருத்துக் கேட்பு எப்படி நடக்கும் என்று தெரிய வேண்டும். அதற்கான விதி 2006 செப்டம்பர் 14-இல் வந்த சுற்றுச்சூழல் அறிவிக்கையில் இருக்கிறது. குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு. சுற்றுச்சூழல் ஆய்வறிக்கையின் சுருக்கம் தமிழில் வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்யும், ஆட்சியரோ அவருக்கு அடுத்த நிலை அதிகாரியோ தலைமை வகிப்பார். முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும். முடிவில், யார் என்ன சொன்னார்கள் என்பதை அங்கேயே தமிழில் வாசித்துக் காட்டி அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும்.

இந்த மாதிரிக் கூட்டங்களுக்குச் சாமியானா பந்தல், நாற்காலி, மைக் செட் பார்த்தவன் நான். எல்லாக் கூட்டமும் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல மாட்டேன். லாரியில் ஆள் கொண்டுவந்து கைதட்ட வைத்ததையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்றை மறக்க முடியாது. ஊர் பெயர் வேண்டாம். ஒரு கல்குவாரிக்கான கூட்டம். கடைசி வரிசையில் இருந்து ஒரு அம்மா வந்து மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு, "லாரி போற பாதையிலதான் பிள்ளைக பள்ளிக்கூடத்துக்கு நடக்குது" என்று ஒரே ஒரு வரி சொன்னார். எழுதியவர் அதை விடப் பார்த்தார். ஊர்க்காரர்கள் விடவில்லை, வாசிக்கும்போது கேட்டுச் சேர்க்க வைத்தார்கள். பிறகு வந்த அனுமதியில், பள்ளி திறக்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் லாரி ஓடக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருந்தது. ஒரு வரிதான். ஆனால் நாலு வருடம் கழித்து லாரியை மறித்த பையன்களின் கையில் அந்தத் தாள் இருந்தது.

அதனால்தான் இந்தக் குறிப்பாணை எனக்கு வலிக்கிறது. பாதுகாப்புத் துறைக்கும் அணுசக்திக்கும் இந்தக் கனிமங்கள் அவசரம் என்பதை நான் மறுக்கவில்லை. 2006 அறிவிக்கையிலேயே தேசப் பாதுகாப்புக்கு விலக்கு உண்டு. அந்த வாசலைத்தான் இப்போது அகலத் திறந்திருக்கிறார்கள். கேட்காமல் செய்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று நினைப்பவர்களுக்கு நாயக்கர்பட்டியே பதில். கேட்காமல் ஏலம் விட்டு, பதினொரு வாரத்தில் ரத்து செய்ய வேண்டி வந்ததே.

ரத்து ஆணை பற்றி: அது அமைச்சகம் எடுத்த நிர்வாக முடிவு. அரிட்டாபட்டி பல்லுயிர் மரபுத் தலமும் பண்பாட்டுச் சின்னங்களும் இருப்பதைக் காரணமாகச் சொன்னார்கள். அந்த மரபுத் தலம் 2022 நவம்பரில், பல்லுயிர்ச் சட்டத்தின்படி மாநில அரசு அறிவித்தது. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலம். அதன் பரப்பு 193.42 ஹெக்டேர். ஏலத் தொகுதியோ 2015.51. பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. மீதி நிலத்தை இனிமேல் தொடக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அப்பத்தா கேட்ட தாள் இல்லை, தங்கச்சி. இல்லாததை இருக்கிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

---

கப்பலூர் லேத் எழுதியது:

அக்கா, உங்கள் தம்பி பக்கத்தில் இருந்து பேசுகிறேன், கோபப்படாமல் கேளுங்கள். கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் சின்ன லேத் பட்டறை எங்களுடையது. மூன்று மிஷின். நீங்கள் எல்லாரும் டங்ஸ்டன் என்ற பெயரை 2024-இல் கேட்டிருப்பீர்கள். நான் பத்தொன்பது வயதில் இருந்து அதைக் கையில் வைத்திருக்கிறேன். இரும்பைச் சீவும் டிப் இருக்கிறதே, கார்பைடு டிப், அது டங்ஸ்டன்தான். 3,422 டிகிரிக்குத்தான் அது உருகும். அது இல்லாமல் ஒரு மோட்டார் ஷாஃப்ட் கடைய முடியாது. உங்கள் ஊர்க் கிணற்றுப் பம்புசெட்டில் ஓடுகிற ஷாஃப்டும் அப்படிக் கடைந்ததுதான்.

உலகத்தில் எடுக்கிற டங்ஸ்டனில் ஐந்தில் நாலு பங்கு சீனாவில் இருந்து வருகிறது. 2025 பிப்ரவரியில் அவர்கள் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை டிப் பெட்டி வாங்கும்போதும் விலை கூடித்தான் இருக்கிறது. ஆகவே அரசு பயப்படுவதில் நியாயம் உண்டு. உங்கள் ஏலம் ரத்தான ஆறாவது நாள், ஜனவரி 29-ஆம் தேதி, தேசிய முக்கியக் கனிம இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 16,300 கோடி ரூபாய்ச் செலவு. இது நிற்கப் போவதில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என் அப்பா காலத்தில் தேய்ந்த டிப்பை இரும்புத் தூளோடு சேர்த்துப் போட்டுவிடுவோம். இப்போது ஒரு பெயிண்ட் டப்பாவில் தனியாகச் சேர்க்கிறேன். டப்பாவைத் தூக்கிப் பாருங்கள், கை இறங்கும், அவ்வளவு கனம். கிலோ கணக்கில் வாங்கிப் போகிறார்கள், உருக்கித் திரும்ப டங்ஸ்டன் ஆகிறது. கப்பலூரில் மட்டும் எத்தனை பட்டறை. கோயம்புத்தூரில் எத்தனை. அதில் பாதிப் பேர் இன்றைக்கும் தூளோடுதான் போடுகிறார்கள், பிரித்து வைத்தால் என்ன விலை என்று தெரியாது. 2025 செப்டம்பர் 3-ஆம் தேதி கனிம மறுசுழற்சிக்கு 1,500 கோடி ரூபாயில் ஊக்கத் திட்டம் ஒன்றை அறிவித்தார்கள். நல்ல விஷயம். ஆனால் அதன் பேச்செல்லாம் பேட்டரியும் மின்னணுக் கழிவும்தான். எங்கள் சிட்கோவுக்கு வந்து, உன் பட்டறையில் மாதம் எவ்வளவு டிப் தேய்கிறது என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

உங்கள் தம்பியிடம் இதைச் சொல்லுங்கள் அக்கா. தோண்டத்தான் வேண்டும் என்பவன் முதலில் பட்டறைத் தரையைக் கூட்டி எடுத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் போதாவிட்டால் தோண்டுவதைப் பற்றிப் பேசலாம், அப்போதும் மலையடியில் குடியிருப்பவர்களிடம் கேட்டுவிட்டு. இது என் கருத்து. தொழிலில் இருப்பவர்கள் சிலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

---

கீழவளவு பையன் எழுதியது:

அண்ணே, நீங்கள் சொன்னதில் பாதி எனக்குச் சம்மதம். வேலை கிடைக்கும் என்று யாராவது சொல்ல வருவார்கள், அதற்கு முன்னால் நான் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா பதினான்கு வருடம் கிரானைட் குவாரியில் ஜாக் ஹேமர் பிடித்தவர். எந்தக் குவாரி என்று எழுதப் போவதில்லை. எங்களை அந்தக் கூலிதான் படிக்க வைத்தது, அதை மறக்கக் கூடாது. கிரானைட் சிறு கனிமம், அது முழுக்க மாநில அரசின் கையில் உள்ளது. 2012-இல் எல்லாக் குவாரியையும் மூடினார்கள். 2014-இல் உயர் நீதிமன்றம் கிரானைட் முறைகேட்டை விசாரிக்க ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயம் ஐயாவைச் சட்ட ஆணையராகப் போட்டது. கண்மாயும் வாய்க்காலும் குன்றும் போனது பற்றி அப்போதுதான் ஊர் வெளிப்படையாகப் பேசியது. அதுவரை பேசினால் வேலை போய்விடும்.

மூடிய மறுநாள் அப்பாவுக்கு வேலை இல்லை. பி.எஃப். இல்லை, ஒரு சான்றிதழும் இல்லை. கல்தூசியில் நெஞ்சு கெட்டிருந்தது. அதற்கு நோய் என்று பெயர் போட்டு வாங்கவே இரண்டு வருடம் அலைந்தோம். குழி அப்படியே இருக்கிறது. அதில் தண்ணீர் பச்சையாக நிற்கிறது, மாடு இறங்கவும் முடியாது. கண்மாயாக இருந்தால் மடை வைத்துப் பாய்ச்சலாம். குழித் தண்ணீரை என்ன செய்வது?

சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊருக்கென்று மாவட்டக் கனிம அறக்கட்டளை 2015-இல் வந்தது. ராயல்டியில் பத்து சதவீதமோ முப்பது சதவீதமோ அதற்கு வரவேண்டும், ஏலத்தில் போன குத்தகைக்குப் பத்துதான். அந்தப் பணத்தில் எங்கள் குழியைச் சுற்றி ஒரு வேலியாவது போடுங்கள் என்று மூன்று மனு கொடுத்தேன். இன்னும் பதில் வரவில்லை.

அக்கா, நீங்கள் ஜெயித்த ஊர். எங்களைப் போலக் கடைசியில் விழிக்காமல் முதலிலேயே விழித்துக்கொண்டீர்கள். விட்டுவிடாதீர்கள்.

---

மந்தைத்திடல் எழுதியது:

தம்பி, உங்கள் அப்பா பற்றிப் படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. வேலி மனுவின் நகலை எனக்கு அனுப்புங்கள். முதல்வர் குறைதீர் இணையத்தில் எப்படி மறுபடி ஏற்றுவது என்று எனக்குத் தெரியும், அது என் வேலைதான்.

லேத் தம்பிக்கு: நீங்கள் சொன்னதை என் தம்பிக்கு அப்படியே அனுப்பினேன். "டிப்பு கணக்கு எனக்குத் தெரியாதுக்கா" என்றான். வாதம் முடியவில்லை, ஆனால் பேச்சு மாறியிருக்கிறது. அவனுக்கு நான் சொன்ன இன்னொன்றையும் இங்கே எழுதுகிறேன். மேலூர்ப் பக்கம் பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீர் எட்டுகிற ஊர், எட்டாத ஊர் என்று இரண்டு உண்டு. பெரியாறு பிரதான கால்வாயில் ஒருபோகப் பாசனம் 85,563 ஏக்கர். எட்டுகிற ஊரிலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் கார்த்திகை ஆகிவிடும். எட்டாத ஊருக்கு மலைதான் கால்வாய். அரிட்டாபட்டியில் ஏழு குன்றுகள், 72 கண்மாய்கள், 200 சுனைகள் என்று அரசின் அறிவிப்பிலேயே இருக்கிறது. பாறையில் விழுகிற மழை ஒரு சொட்டு வீணாகாமல் சுனைக்கும், சுனை நிறைந்தால் கண்மாய்க்கும் போகும். பாறையைத் தொட்டால் எந்தக் கண்மாய் வறண்டு போகும் என்று ஏலம் விட்டவர்கள் யாருக்காவது தெரியுமா? எங்கள் ஊரில் வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற நீர்பாய்ச்சிக்குத் தெரியும். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

ஐயா, உங்களிடம்தான் மிச்சக் கேள்வி. தாள் இல்லை என்றீர்கள். அந்தத் தாளை நாங்களே உண்டாக்க வழி இருக்கிறதா?

---

உசிலம்பட்டி பழைய ஆர்.ஐ. எழுதியது:

இருக்கிறது. அதைச் சொல்வதற்குள் பேத்தி செல்போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள், அதனால்தான் தாமதம்.

2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அந்தக் குழு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்று எழுத வேண்டும். 2020 ஜனவரிக்குள் எல்லா ஊரிலும் முடிக்கச் சொல்லிப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்ததால் அவசரத்தில் பல ஊர்ப் பதிவேடுகள் ஒரே மாதிரி நிரப்பப்பட்டன. உங்கள் ஊராட்சியின் பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். வேம்பு, ஆலமரம், மைனா என்று நாலு பக்கம் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அதைத் திருத்தி எழுதுங்கள்.

எப்படி எழுதுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "சுனை உள்ளது" என்று எழுதினால் மதிப்பில்லை. எந்தச் சர்வே எண், சுனைக்கு ஊர் வைத்திருக்கும் பெயர், எந்த மாதம் வரை தண்ணீர் நிற்கும், நிறைந்தால் எந்த வாய்க்கால் வழியாக எந்தக் கண்மாய்க்குப் போகும், அந்தக் கண்மாய்க்கு எத்தனை மடை, கலுங்கு எங்கே, எத்தனை ஏக்கர் ஆயக்கட்டு. நீர்பாய்ச்சியைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுதுங்கள். கழுகும் வல்லூறும் எந்தப் பாறைப் பொந்தில் கூடு கட்டும் என்று ஆடு மேய்ப்பவர்களுக்குத் தெரியும். லகர் வல்லூறு, எறும்புத்தின்னி, தேவாங்கு எல்லாம் அரிட்டாபட்டி அறிவிப்பில் இருக்கின்றன. மலையில் எல்லைக் கல் கிடையாது, உங்கள் பக்கமும் அவை வரும். தேதியோடு, பார்த்தவர் கையெழுத்தோடு எழுதுங்கள். சமணப் படுக்கை, கல்வெட்டு, ஐயனார் கோயில் புரவித் திடல், மஞ்சுவிரட்டுத் தொழு, இடுகாடு, ஒன்றையும் விட வேண்டாம்.

அதைக் கிராம சபையில் வாசித்துத் தீர்மானத்தோடு இணைப்பாக வையுங்கள். இப்போது அப்பத்தா போடும் தீர்மானத்துக்குக் கனம் வரும். "எதிர்க்கிறோம்" என்ற ஒரு வரிக்குக் கீழே நாற்பது பக்கம் இருக்கும். பிறகு அந்த நாற்பது பக்கத்தைக் காட்டி, மரபுத் தலத்தின் எல்லையை விரிக்கச் சொல்லி மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்கு மனு கொடுக்கலாம். உள்ளாட்சியைக் கலந்து மாநில அரசு அறிவிப்பது அது, டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. டெல்டாவுக்கு 2020-இல் வந்த வேளாண் மண்டலச் சட்டம் மாதிரி முல்லைப் பெரியாற்றுப் பாசனத்துக்கும் கேட்கலாம். அந்தச் சட்டத்தைப் படித்துவிட்டுக் கேளுங்கள், அதில் தடை செய்த பட்டியலில் எண்ணெய், எரிவாயு, துத்தநாக உருக்காலை எல்லாம் உண்டு, டங்ஸ்டன் சுரங்கம் இல்லை.

ஒருவேளை மறுபடி ஏதாவது வந்தால்: கருத்துக் கேட்பு இல்லாவிட்டாலும் சுற்றுச்சூழல் ஆய்வறிக்கை எழுதித்தான் ஆக வேண்டும், டெல்லியில் நிபுணர் குழுவும் பார்க்கும். விண்ணப்பங்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் ஏறும். வாரத்துக்கு ஒரு முறை மதுரை என்று போட்டுப் பாருங்கள். ஆய்வறிக்கையில் "அருகில் நீர்நிலை இல்லை" என்று எழுதியிருந்தால் உங்கள் நாற்பது பக்கத்தை நிபுணர் குழுவுக்கு அன்றைக்கே அனுப்புங்கள். அனுமதி கிடைத்துவிட்டால் முப்பது நாளுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மேல்முறையீடு. முப்பது நாள் சீக்கிரம் ஓடிவிடும். அப்போது உட்கார்ந்து சுனை எண்ண நேரம் இருக்காது.

---

மந்தைத்திடல் எழுதியது:

ஐயா, நேற்றுச் சாயங்காலம் நீர்பாய்ச்சி தாத்தாவைக் கடைக்குக் கூட்டி வந்து உட்கார வைத்தேன். கிராம வரைபடத்தைப் பெரிதாக நகல் எடுத்து மேசையில் விரித்தேன். அவருக்கு எழுத்து தெரியாது. வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மலையைத் தெற்கில் வைத்தால்தான் சொல்ல முடியும் என்று தாளைத் தலைகீழாக வைத்தார். பிறகு விரலால் வாய்க்காலை இழுத்துக்கொண்டே போனார். இரண்டு மணி நேரத்தில் பதினோரு சுனை, நாலு கண்மாய். இரண்டு சுனைகளின் பெயரை நான் பிறந்ததில் இருந்து கேட்டதே இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மலையேறுகிறோம். அப்பத்தா ஏற மாட்டார், அடிவாரத்தில் உட்கார்ந்து பெயர் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். நில அளவு தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும், சர்வே எண் எனக்குக் குழப்புகிறது. உசிலம்பட்டியில் இருந்து முதல் பஸ் பிடித்தால் மாட்டுத்தாவணி மாறி வந்துவிடலாம். சாப்பாடு எங்கள் வீட்டில்.

---

உசிலம்பட்டி பழைய ஆர்.ஐ. எழுதியது:

வருகிறேன். பழைய புலப்பட நகல் கிடைத்தால் எடுத்து வையுங்கள், புதியதில் ஓடைகள் சில காணாமல் போயிருக்கும். நில அளவைச் சங்கிலி என்னிடம் இருக்கிறது.